மழை ஜாக்கெட்டுக்கு ஒரு பரீட்சை

சகோதரிகளே, ஜாக்கெட் என்றதும் ரவிக்கை தைப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது மழையில் போட்டுக்கொண்டு ஓடுவதற்கென்று தைத்த மெல்லிய மேலங்கி. மடித்தால் தன் பைக்குள்ளேயே அடங்கிவிடும். நாற்பத்தைந்து வயதில் உனக்கு எதற்கம்மா ஓட்டக்காரர் உடுப்பு என்று கேட்பீர்கள். காரணம் என் சர்க்கரை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டரம்மா மாத்திரையோடு நடையும் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் சரியாகிவிடும். தை பிறந்து புரட்டாசி முடியும் வரை ஒழுங்காக நடந்துவிடுவேன். ஐப்பசியில்தான் வம்பு ஆரம்பிக்கும். எங்கள் வீடு தாம்பரம் பக்கம். சென்னை வட்டாரத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. மழை விட்டதும் போகலாம் என்று ஜன்னலோரம் நிற்பேன். அது விடுகிற நேரத்தில் குக்கர், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன் என்று வேலை பிடித்துக்கொள்ளும். முந்தின மழைக்காலத்தில் மூன்று மாதத்தில் 21 நாள்தான் நடக்க முடிந்தது. ஜனவரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் மூன்று மாதச் சராசரி 6.9-லிருந்து 7.8-க்கு ஏறியிருந்தது. "அடுத்த மழைக்கும் இப்படின்னா மாத்திரையைக் கூட்டணும்மா" என்றார் டாக்டரம்மா.

குடை இல்லையா என்பீர்கள். குடை பிடித்தால் ஒரு கை போச்சு. காற்றடித்தால் குடையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், வேக நடை வராது. பரணில் என் கணவரின் பழைய ரப்பர் மழைக்கோட்டு இருந்தது. அதைப் போட்டுப் பத்து நிமிஷம் நடந்தால் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்தது போல இருக்கும். ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மாக்கின்டாஷ் 1823-ல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுக்கு வழி செய்தார். அன்றிலிருந்து இதே தொந்தரவுதான். வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருக்கிற வேர்வையும் வெளியே போகாது.

1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். ஆமாம், நம் ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே சரக்குதான். அது அறுந்து போகாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளோடு மெல்லிய ஏடாக நீண்டது. தண்ணீர்த் துளி அதில் புகாது, வேர்வையின் ஆவி மட்டும் வெளியேறும். இன்றைக்கு உசத்தியான மழை ஜாக்கெட்டுகள் இந்த மாதிரி ஏட்டை உள்ளே வைத்துத் தைக்கப்படுகின்றன. விலையும் அதற்கேற்ப ஐந்து இலக்கத்தைத் தொடும். நம்மால் ஆகிற விலையில் கிடைப்பது வேறு ரகம். மெல்லிய நைலான் துணி, அதன்மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு. நான் வாங்கியது அதுதான், ரூ. 2,200.

அக்கா பையன் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிறவன். அவன்தான் கூட வந்து பார்த்து வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன். 165 கிராம், இரண்டு தக்காளி எடை. மடித்தால் ஒரு காபி டம்ளர் அளவு.

கடைக்காரர் "சொட்டுத் தண்ணி உள்ளே இறங்காது மேடம்" என்று சத்தியம் பண்ணாத குறைதான். எனக்கு எதையும் சோதித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை. நீங்களும் வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று பரீட்சைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கையை நீட்டி வைத்து ஒரு கரண்டித் தண்ணீர் விடுங்கள். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்தது போல முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு நன்றாக இருக்கிறது. துணி கறுத்து ஈரத்தை இழுத்தால் பூச்சு போய்விட்டது. என் ஜாக்கெட்டில் அழகாக உருண்டது.

இரண்டாவது, தையல். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்புங்கள். தையல் மேல் பளபளப்பாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் அது முழு மழைக்கானது. பட்டை இல்லாவிட்டால் ஊசித் துளை வழியே தண்ணீர் இறங்கும். தோள் தையலை ஒரு கிண்ணத்தின் மேல் குழிவாகப் பிடித்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் வைத்தேன். துணி கசியவில்லை. தையலோரம் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது.

மூன்றாவது, சீட்டைப் படிப்பது. 5,000 மி.மீ., 10,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது கசிய ஆரம்பிக்கிறது என்ற கணக்கு அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் பாரத்தைத் தாங்குகிறது. என் ஜாக்கெட்டின் சீட்டில் எண்ணே இல்லை. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் இருந்தது. அப்படி இருந்தால் தூறலுக்குத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். முழு மழைக்கு 'வாட்டர் புரூஃப்' என்று போட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒன்று போலக் காதில் விழும், விலையிலும் வேலையிலும் ரொம்ப வித்தியாசம்.

இனி தெருவுக்கு வருவோம். சென்ற அக்டோபரில் ஒரு காலை, பொடித் தூறல். சுடிதார் மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "மழையில எங்கேம்மா கிளம்பிட்டே? சளி பிடிச்சுக்கப் போகுது" என்றார் மாமியார். சளி பிடிப்பது வைரஸ் கிருமியால்தான் அத்தை, வந்ததும் தலையைத் துவட்டிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பால் பூத்தில் நிற்கும் பெண் "என்னக்கா, தந்திக்காரர் மாதிரி வர்றீங்க!" என்று சிரித்தாள். 35 நிமிஷம் நடந்து திரும்பியபோது உள்ளே சட்டை காய்ந்தே இருந்தது.

இரண்டாம் பரீட்சை விடாத மழையில். 15 நிமிஷத்தில் தோள் தையல் குளிர்ந்தது. 25 நிமிஷத்தில் தோளும் முதுகின் மேல்பக்கமும் நனைந்துவிட்டன. தோளில் பை மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் நனையும், பட்டை அழுத்தும் இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும்.

மூன்றாம் நாள் மழை விட்டுப் புழுக்கம். உள்ளே பார்த்தால் கையெல்லாம் ஈரம், அத்தனையும் என் வேர்வை. அக்கா பையனிடம் கேட்டேன். "சித்தி, உள்ளே இருக்கற ஆவி வெளியே போகணும்னா வெளிக்காற்று கொஞ்சம் காய்ஞ்சிருக்கணும். குளிர் தேசத்துல போகும். நம்ம ஊர் மழைக்காலக் காற்றே ஈரம்தானே?" என்றான். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய உசத்தி ஜாக்கெட்டும் நம் ஊரில் இந்த விஷயத்தில் கொஞ்சம் திணறத்தான் செய்யுமாம். அதனால் கழுத்து ஜிப்பைப் பாதி திறந்து விடுங்கள். அக்குளில் காற்றோட்டத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பருத்தி வேண்டாம். அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி உராயும். சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் பனியன் ரகம் சௌகரியம்.

என் அபிப்பிராயம் இதுதான். இந்த ஜாக்கெட் கொட்டும் மழையில் நம்மை நனையாமல் காப்பாற்றாது. ஆனால் தூறலைப் பார்த்து வீட்டிலேயே நின்றுவிடாமல் நம்மை வெளியே அனுப்புகிறது. நடுவில் மழை வலுத்தாலும் காற்றில் நடுங்காமல் வீடு வந்து சேரலாம். அரை மணி நடைக்கு அது போதும்.

எந்த நாளில் போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மின்னலைப் பார்த்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெளியே கால் வைக்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துக் கிளம்பலாம். தண்ணீர் தேங்கிய தெரு வேண்டவே வேண்டாம். திறந்த சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் அதில் கண்ணுக்குத் தெரியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் வெடிப்பு வழியே போனால் எலிக்காய்ச்சல் வரும். சர்க்கரை உள்ளவர்கள் திரும்பி வந்ததும் விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து, புண் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நமக்குக் காலில் பட்டது சில சமயம் தெரியாது. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும்.

நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும். மழை இருட்டில் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தலைமூடி பக்கப் பார்வையை மறைக்கும், தெருவைக் கடக்கும்போது பின்னால் தள்ளிவிடுங்கள். குழந்தைகளுக்கு வாங்குகிற இளம் தாய்மார்கள் கழுத்தில் தொங்கும் கயிறு இல்லாததாகப் பாருங்கள். சைக்கிளிலோ ஊஞ்சலிலோ சிக்கினால் ஆபத்து.

பராமரிப்பு சுலபம். லேசான திரவ சோப்பில் கையால் அலசுங்கள். துணி மிருதுவாக்கும் திரவம் கூடாது, பூச்சின் வேலை கெட்டுவிடும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். தண்ணீர் உருள்வது குறைந்தால், சீட்டில் அனுமதி இருந்தால் மட்டும், மேலே ஒரு துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். பூச்சு ஓரளவு உயிர் பெறும். ஈரத்தோடு மடித்துப் பைக்குள் திணித்துவிட்டால் இரண்டே நாளில் பூஞ்சை நாற்றம் வந்துவிடும். வாசல் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டுங்கள்.

சென்ற மழைக்காலம் மூன்று மாதத்தில் 58 நாள் நடந்தேன். ஜனவரியில் சராசரி 7.1. சாப்பாட்டிலும் கவனமாக இருந்தேன், எல்லாப் புகழும் ஜாக்கெட்டுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டவில்லை.

கடைத்தெருவுக்குப் போய் வர மட்டும் என்றால் குடையே போதும், பணத்தை வீணாக்காதீர்கள். விடாமல் நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் வாங்கலாம். கடையிலேயே உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அடுத்த இதழில் வேறொரு பொருளோடு சந்திக்கிறேன்.