துவர்ப்புக்கு எதற்கு இரவல் அகராதி?

"தமிழ்ல ஒயினைப் பத்தி எழுதவே முடியாது ப்ரோ. அதுக்கான மொழி நம்மகிட்ட இல்ல." இலக்கியமும் படிக்கிற, மாதம் ஒரு பாட்டிலாவது திறக்கிற மூன்று நண்பர்களிடம் இந்த வசனத்தைக் கேட்டுவிட்டேன். சொல்லிவிட்டு அவர்களே எழுதவும் செய்கிறார்கள்: பிளாக்கரண்ட் வாசனை, சிடார் மரம், பென்சில் சீவல். பிளாக்கரண்டை அவர்கள் பழமாகத் தின்றதே இல்லை. ஆங்கில ஒயின் குறிப்புகளில் பார்த்த பழக்கம்தான்.

மொழி இல்லை என்பது பொய். இளம் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் விஷயத்தில் சுத்தப் பொய். அந்த ஒயினின் தலையாய குணம் துவர்ப்பு. அறுசுவையில் அதற்கு நாம் தனி நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். மேற்கத்திய உணவறிவியலோ அதைப் பெரும்பாலும் சுவைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, வாய்க்குள் நிகழும் தொடுவுணர்ச்சி என்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் பட்டு, வெல்வெட், உப்புத்தாள் என்று துணிக்கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் மாறிமாறி ஓடுகிறார்.

நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு அந்த அலைச்சல் எதற்கு? டவுன்ஷிப்பைத் தாண்டிப் பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரித் தோப்புகள். கோடையில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை வீசிவிடுவார்கள். அதைப் பொறுக்கி உப்புத் தொட்டுத் தின்ற எங்களுக்கு, தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பு என்னவென்று தெரியும். நாவற்பழத் துவர்ப்பு வேறு, நாக்கில் ஊதா நிறத்தோடு தங்கும். கடுக்காய் கன்னத்தை உள்ளே இழுக்கும். வாழைப்பூ விரலையே கறுப்பாக்கும்.

எல்லாவற்றிலும் வேலை பார்ப்பது டானின். எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்ள, வழுவழுப்புப் போய் வாய் வறள்கிறது. குரோமியம் வருவதற்கு முன் ஆம்பூர், வாணியம்பாடித் தொட்டிகளில் ஆவாரம்பட்டை செய்ததும் இதே வேலைதான், அங்கே புரதம் தோலில் இருந்தது. டானின் என்ற பெயரே தோல் பதனிடுவதிலிருந்து வந்ததுதான். தொட்டிக்காரர் கையில் இருந்தால் நாற்றம், போர்தோ கோப்பையில் இருந்தால் 'ஸ்ட்ரக்சர்'. மொழி இல்லை என்பவர்கள் யாருடைய மொழி காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

"சரி, துவர்ப்பைச் சொல்லிடலாம். இது பத்து வருஷம் தாங்குமான்னு சொல்ல முடியுமா?" இது அடுத்த கேள்வி. முடியும். பாரிஸிலிருந்து வந்த சித்தி மகன் கொடுத்த இளம் மதிரானை எங்கள் குவார்ட்டர்ஸில் வைத்துத் தமிழிலேயே ருசி பார்த்தேன். மதிரான் தென்மேற்கு பிரான்ஸ். தன்னா என்கிற அதன் திராட்சை டானினுக்குப் பேர்போனது. முதல் வாயில் ஈறு முழுக்க முந்திரிப்பழம். ஆனால் துவர்ப்பு மட்டும் ஆயுள் தராது, தருமென்றால் முந்திரிப்பழம் மறுநாளே அழுகாது. அதற்குப் பின்னால் எச்சில் ஊறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊறினால் புளிப்பு இருக்கிறது, ஊறுகாயைப் போலவே ஒயினையும் காப்பது அது. விழுங்கிய பிறகு பழம் நிற்கிறதா, வறட்சி மட்டும் நிற்கிறதா? காலம் டானின்களை ஒன்றோடொன்று கோத்து, கொஞ்சத்தை வண்டலாக அடியில் இறக்கி, துவர்ப்பை மெதுவாக்கும். பழத்தைக் கூட்டாது. இன்று இல்லாத பழம் பத்து வருஷம் கழித்தும் வராது. பாதி பாட்டிலை மூடிவைத்து மறுநாள் குடித்தேன். துவர்ப்பு ஒரு படி இறங்கி, நாவல் மேலே வந்திருந்தது. இன்னும் ஆறேழு வருஷம் வைக்கலாம் என்பது என் தீர்ப்பு.

எங்கே வைப்பது? பிரெஞ்சு நிலவறையில் 12, 13 டிகிரி இருக்கும். நெய்வேலி மே மாதம் 40-ஐத் தொடும். நம் பீரோவில் ஒயின் முதிராது, வேகும். நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற ஊரில் இருந்தாலும், ஒரு பாட்டிலுக்காக வருஷக்கணக்கில் ஏசி ஓட்ட யாரால் முடியும்? 'ஏஜிங் பொட்டென்ஷியல்' என்று நண்பர்கள் எழுதும்போது இந்த வரி மட்டும் விட்டுப்போகிறது. அவர்கள் பார்த்து எழுதுகிற மூலக் குறிப்பு, வீட்டுக்குக் கீழே நிலவறை இருப்பவருக்காக எழுதப்பட்டது. நாங்கள் மிச்சத்தை மட்டன் வறுவலோடு முடித்துவிட்டோம்.

பிரெஞ்சுக்காரனுக்கு முந்திரிப்பழம் தெரியாதே என்கிறார்கள். பிளாக்கரண்ட் தெரியாமலேயே நாம் இத்தனை வருஷம் படிக்கவில்லையா?