கையெழுத்தும் பெயர்ப்பலகையும்

சென்ற மாதம் நண்பர் ஒருவரோடு நேர்ந்த வாக்குவாதம்தான் இதை எழுத வைக்கிறது. நண்பர் கவிஞர், நல்ல கவிஞரும்கூட. ஜெஃப் மின்ட்டர் விஷயத்தில் அவர் சொன்னது: "அடுத்தவன் விளையாட்டைக் காப்பியடித்தான், வக்கீல் நோட்டீஸ் வந்தது. இதில் என்னய்யா கலை, என்ன கலைஞன்?" வீடியோ கேமைப் பற்றிய இளக்காரம் இதில் பாதி. அதைப் பொருட்படுத்தவில்லை, சினிமா விஷயத்திலும் நம்மவர்கள் வெகுகாலம் இப்படித்தான் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். மறு பாதிதான் உறுத்துகிறது. தமிழில் எழுதுகிற ஒருவர், ஒரு வடிவத்தைக் கம்பெனியின் சொத்து என்று இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்ள முடிகிறதே, அது.

விவரம் தெரியாதவர்களுக்காக: 1981-ல் அட்டாரி என்ற அமெரிக்கக் கம்பெனி டெம்ப்பெஸ்ட் என்ற ஆர்கேட் விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு, நின்றபடி ஆடும் ஆளுயரப் பெட்டி. கறுப்புத் திரையில் வண்ணக் கோடுகளாலான ஒரு குழாய். அதன் விளிம்பில் நீங்கள். ஆழத்திலிருந்து ஏதேதோ ஏறி வருகின்றன. ஒரு குமிழைத் திருகி விளிம்பைச் சுற்றிக்கொண்டே சுட வேண்டும். செய்தவர் டேவ் தியூரர். தரையில் ஒரு பொத்தலிலிருந்து ஜந்துக்கள் ஏறி வருவதாகத் தான் கண்ட துர்க்கனவு இதில் இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் வேலை கனவில் ஆரம்பிக்கவில்லை. ஜப்பானில் டைட்டோ கம்பெனி 1978-ல் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸை முப்பரிமாணத்தில் செய்து பார்ப்பதாகத்தான் ஆரம்பித்தது. இன்னொருவனுடைய வடிவத்துக்குள் நுழைந்து அங்கே தன் பயத்தைக் கண்டெடுத்திருக்கிறார் தியூரர். திருத்தக்கதேவர் காவியத்துக்குக் கொண்டுவந்த விருத்தத்தைக் கம்பன் எடுத்தாண்டபோது யாரிடம் அனுமதி கேட்டான்? நண்பரிடம் இதைக் கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

மின்ட்டர் இங்கிலாந்துக்காரர். 1982-ல் லாமாசாஃப்ட் என்ற பெயரில் ஏறக்குறையத் தனியாளாகத் தொடங்கியவர். லாமா, ஒட்டகம், ஆடு இவற்றின் மேல் தீராத பிரேமை. 1983-ல் செய்த ஒன்றின் பெயரே அட்டாக் ஆஃப் த ம்யூட்டன்ட் கேமல்ஸ். வேல்ஸில் ஆடுகளை வளர்த்துக்கொண்டு வாழ்கிறார். அவருடைய ஆரம்ப வேலைகளில் சில ஆர்கேட் விளையாட்டுகளின் நகல்கள்தாம்; இதில் மறைக்க ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் கை பழகுகிறோம். 1994-ல் அட்டாரியே தன் ஜாகுவார் கருவிக்காக அவரிடம் டெம்ப்பெஸ்ட் 2000-ஐச் செய்து வாங்கிக்கொண்டது. கருவி படுத்துவிட்டது, விளையாட்டு நின்றது. இருபது வருஷம் கழித்து, 2014 பிப்ரவரியில், சோனியின் வீட்டா கைக்கருவிக்கு அதே குழாய் வடிவத்தில் டிஎக்ஸ்கே என்று இன்னொன்றைச் செய்தார். மற்ற கருவிகளுக்கும் அதைக் கொண்டுபோக முனைந்தபோதுதான் அட்டாரியின் வக்கீல்கள் குறுக்கிட்டார்கள்.

2015 மார்ச்சில் மின்ட்டர் விஷயத்தைப் பகிரங்கமாக்கினார். டிஎக்ஸ்கேயை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும், டெம்ப்பெஸ்ட் மாதிரி இனி ஒன்றும் செய்வதில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டார்களாம். வழக்காட அவரிடம் பணமில்லை. மற்ற கருவிகளுக்கான வேலை அதோடு நின்றது. அட்டாரியின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்: வழக்கு எதுவும் போடவில்லை, இரண்டுக்கும் ஒற்றுமை மிக அதிகம், பேசித் தீர்த்துக்கொள்ளவே முயன்றுவருகிறோம் என்றார்கள்.

எந்த அட்டாரி? என்னைப் போன்ற குமாஸ்தா முதலில் கேட்கிற கேள்வி இதுதான். நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் 1972-ல் ஆரம்பித்த அட்டாரி 1976-ல் வார்னர் கம்பெனிக்கு 2 கோடியே 80 லட்சம் டாலருக்குப் போனது. 1984-ல் இரண்டாக உடைந்தது. வீட்டுக் கருவிகளைச் செய்த பாதி ஜாக் டிராமியேல் கைக்குப் போய், 1996-ல் டிஸ்க் செய்கிற ஒரு கம்பெனியோடு இணைந்து, 1998-ல் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோவிடம் போய், 2001-ல் இன்ஃபோகிராம்ஸ் என்ற பிரெஞ்சு ஸ்தாபனத்திடம் சேர்ந்தது. அந்த ஸ்தாபனம் பிறகு தன் பெயரையே அட்டாரி என்று மாற்றிக்கொண்டது. அதன் அமெரிக்கக் கிளை 2013 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. மறு வருஷம்தான் டிஎக்ஸ்கே வந்தது.

எங்கள் வங்கியும் சில வருஷங்களுக்கு முன் இன்னொன்றோடு இணைந்தது. காலையில் போனால் பலகை மாறியிருந்தது. உள்ளே அதே நான், அதே மின்விசிறி, பாஸ்புக்கை நீட்டுகிற அதே பென்ஷன்காரர். அட்டாரியில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. தியூரர் கனவு கண்ட நாளில் அங்கே இருந்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. அந்தப் பலகையிலிருந்து நோட்டீஸ் போனது, 1994-ல் அந்த வடிவத்துக்கு இரண்டாம் உயிர் கொடுத்த ஆளுக்கு.

சட்டம் அப்படித்தான் என்று நண்பர் சொல்வார். சட்டம் அப்படியே இருந்ததில்லை. அமியூஸ்மென்ட் வேர்ல்ட் என்ற சின்னக் கம்பெனி மீட்டியோர்ஸ் என்று ஒரு ஆர்கேட் விளையாட்டைச் செய்தது. அட்டாரியின் ஆஸ்டிராய்ட்ஸை அப்படியே ஒத்திருக்கிறதென்று அட்டாரி வழக்குப் போட்டது. 1981-ல் மேரிலாந்து ஃபெடரல் கோர்ட்டு இரண்டுக்கும் 22 ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டுவிட்டு, விண்கற்களைச் சுடுகிற விளையாட்டு என்றால் இவையெல்லாம் தவிர்க்க முடியாதவை, எண்ணத்துக்கு உரிமை கிடையாது என்று சின்னக் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மின்ட்டருக்கும் இப்படிக் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். கோர்ட்டுப் படியேறவே ஒரு முதல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கையெழுத்துப் பார்ப்பது என் ஜீவனம் என்பதால் இதில் எனக்குத் தனி ருசி. 1972 மே மாதம் கலிபோர்னியாவின் பர்லிங்கேமில் மேக்னவாக்ஸ் கம்பெனி தன் ஒடிஸி கருவியைக் காட்சிக்கு வைத்தது. ரால்ஃப் பேயர் உருவாக்கியது. திரையில் டென்னிஸ் ஆடலாம். வந்து பார்த்தவர்களின் பதிவேட்டில் நோலன் புஷ்னெலின் கையெழுத்து இருக்கிறது. அதே வருஷம் அட்டாரியின் பாங் வந்தது. மேக்னவாக்ஸ் வழக்குப் போட, 1976-ல் அட்டாரி பணம் கட்டி உரிமம் பெற்று முடித்துக்கொண்டது. காப்பியில் பிறந்த ஸ்தாபனம் என்று திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பாங் நல்ல விளையாட்டு, ஒடிஸியின் டென்னிஸைவிட நல்ல விளையாட்டு. அந்த வழியில் வந்தவர்களுக்கு அதே வழியை அடைக்க எப்படி மனசு வந்தது என்பதுதான் கேள்வி.

ஆர்கேட் தொழிலுக்கு ஆள் வேண்டாம், பெயர் போதும். அதிகப் புள்ளி வாங்கினால், காசு போட்டவன் தன் பெயரின் மூன்று எழுத்துகளைத் திரையில் பதித்துவிட்டுப் போகலாம். பெட்டியைச் செய்தவன் பெயர் பெட்டியில் இராது. வீட்டுக் கருவி விளையாட்டுகளிலும் இதே கதைதான். வாரன் ராபினெட் தன் அட்வெஞ்சரில் ஒரு ரகசிய அறை கட்டி, உள்ளே தன் பெயரை எழுதி வைத்தார். அட்டாரி அதை அறியாமலே 1980-ல் விற்றது. எங்கள் பால்யத்தில் டிவி கேம் காட்ரிட்ஜில் எத்தனையோ விளையாட்டுகளை ஆடினோம். ஒன்றையாவது யார் செய்தார் என்று கேட்டோமா? கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நண்பரின் இளக்காரத்தில் என் பங்கும் இருக்கிறது.

மின்ட்டர் பிறகு அதே அட்டாரிக்கே 2018-ல் டெம்ப்பெஸ்ட் 4000 செய்து கொடுத்ததை நண்பர் நக்கலாகச் சுட்டிக்காட்டினார். ஆமாம், கொடுத்தார். 1982-ல் அட்டாரி தூக்கிப்போட்ட ஆக்கா ஆர் என்ற விளையாட்டை 2023-ல் எடுத்துச் செய்தார். தியூரரின் தோற்றுப்போன ஐ ரோபாட்டை 2025-ல் செய்தார். இதைச் சரணாகதி என்று சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. வேலை செய்ய விரும்புகிறவன் வடிவம் இருக்கிற இடத்துக்குப் போகிறான். வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவன் தேர்வில் இல்லை. ஆனால் எனக்குக் கசப்பு இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

2024-ல் டிஜிட்டல் எக்ளிப்ஸ் என்ற கம்பெனி மின்ட்டரின் 42 விளையாட்டுகளைத் தொகுத்து, அவர் வாழ்க்கைக் கதையோடு வெளியிட்டது. பெரிய உழைப்பு, சிரத்தையான வேலை. அதற்கு முந்தைய வருஷம்தான் அட்டாரி அந்தக் கம்பெனியை வாங்கியிருந்தது. தொகுப்பில் டெம்ப்பெஸ்ட் 2000 இருக்கிறது. டிஎக்ஸ்கே இல்லை.