சுரங்கம் மட்டும் போதுமா?

மாணவர்களே, ஒரு ஹெக்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் சேரும்? 10,000 சதுர மீட்டரை 0.1 மீட்டரால் பெருக்குங்கள். 1,000 கன மீட்டர், அதாவது ஒரு மில்லியன் லிட்டர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போவோம்.

1971 ஜனவரியில் கிள்ளான் ஆறு பெருகி நகரின் மையத்தையே மூழ்கடித்தது. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரைகளுக்குக் கான்கிரீட் போட்டார்கள். 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடும். பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு, ஆற்று வெள்ளத்தை உள்ளே விடுவார்கள். அருமையான பொறியியல்தான், மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சுரங்கமும் அதன் குளங்களும் சேர்ந்து கொள்வது சுமார் 3 மில்லியன் கன மீட்டர். நம் கணக்குப்படி, 30 சதுர கிலோமீட்டரில் பெய்யும் 100 மில்லிமீட்டர் மழை. கிள்ளான் ஆற்றுப் படுகையின் பரப்போ சுமார் 1,288 சதுர கிலோமீட்டர்! சுரங்கம் தண்ணீரைத் தேக்குவதோடு கடத்தியும் விடுகிறது என்பது உண்மை. எங்கே கடத்துகிறது? கெராயோங் ஆற்றுக்கு. அந்த ஆறு மறுபடி கிள்ளான் ஆற்றில்தான் சேர்கிறது. தண்ணீர் மறையவில்லை, நகர மையத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

2021 டிசம்பரில் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. அதற்குச் சுரங்கம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இடத்தைக் காக்க அது கட்டப்படவும் இல்லை. மேலே ஓரிடத்தைக் காப்பாற்றினால் கீழே இருப்பவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

நம் நெகிரி செம்பிலானில் சிரம்பான் வழியாக வரும் லிங்கி ஆற்றுக்கும் இது பொருந்தும். ரப்பர், செம்பனைத் தோட்டத்து மண் மழையில் ஒரு பங்கை உறிஞ்சும். மூடுபயிர்களும் தரையில் கிடக்கும் மட்டைகளும் மீதியை மெதுவாக்கும். அதே தோட்டம் தாமான் ஆனால் கூரை, தார்ச்சாலை, கான்கிரீட் கால்வாய் என்று எல்லாம் வழவழப்பு. ஒரே அளவு மழைதான், ஆனால் ஆற்றுக்கு வேகமாக வந்து சேர்கிறது. வெள்ளத்தின் உச்சமும் உயர்கிறது.

வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ வழிகாட்டி இதற்காகத்தான் 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெய்த இடத்திலேயே மழைநீரைத் தாமதப்படுத்து என்பது அதன் அடிப்படை. தாமான் ஓரத்தில் புல் மண்டிக் கிடக்கும் குளம் வீணான நிலம் அல்ல. அது நம்மூர் ஸ்மார்ட் சுரங்கம்! அதில் பழைய மெத்தையையும் மண்ணையும் கொட்டுவோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆற்றங்கரைச் சுவரை உயர்த்தக் கேட்கும் பெரியவர்கள், முதலில் அந்தக் குளத்தைத் தூர்வாரக் கேட்கட்டும்.

அடுத்த கனமழையில் ஒரு வேலை செய்யுங்கள். மழை நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மண்கால்வாயில் நீர் எப்போது வடிகிறது, தாமான் கான்கிரீட் கால்வாயில் எப்போது வடிகிறது என்று இரண்டு பேராகப் பிரிந்து, பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். இரண்டு நேரங்களையும் வகுப்பில் பலகையில் எழுதுங்கள்.