ஏறிய கியரில் இறங்குதல்

நாம் பணிபுரியும் கல்லூரியின் ஆசிரியர் அறையில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் இலக்கியம் பேசப்படுவதில்லை, வண்டி பேசப்படுகிறது. எந்த வண்டி நம்பகமானது, எது காட்டுப்பாதையில் ஏறும், எதற்குப் 'பிக்கப்' அதிகம் என்ற மூன்று கேள்விகளே அந்த உரையாடலின் முப்பால். நம்மிடம் இருப்பது பழைய சிறு கார் ஒன்று. ஆகையால் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்போம். கேட்கக் கேட்க ஒன்று உறுத்தத் தொடங்கியது. வண்டியின் குணங்களாக இவர்கள் அடுக்குவனவற்றில் பாதி வண்டிக்கு உரியவையே அல்ல.

கொல்லிமலைப் பயணம் ஒன்று இதை நமக்குத் தெளிவாக்கியது. நண்பரின் புத்தம் புதிய டீசல் வண்டி. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் விசை செல்லும் வகை. காரவள்ளியிலிருந்து தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூச்சு வாங்காமல் ஏறிற்று. வழியெல்லாம் நண்பர் அதன் புகழ் பாடிக்கொண்டு வந்தார். நாமும் ஒத்துக்கொண்டோம். மறுநாள் இறங்கும்போது, டீசல் மிச்சமாகட்டுமே என்று நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டுமே நம்பி உருட்டிக்கொண்டு வந்தார். பாதி மலை கடக்கும் முன்பே கருகல் நாற்றம். அடுத்த சில வளைவுகளில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கத் தொடங்கியது. கைப்பிரேக்கை இழுத்து, மலைச்சரிவை ஒட்டிய அகன்ற இடமொன்றில் ஒருவாறு நிறுத்தினார். பின்னிருக்கையில் அவருடைய பிள்ளைகள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர் முகத்தை நாம் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை.

நமக்குப் பின்னால் இறங்கி வந்த பேருந்தின் ஓட்டுநர் நிறுத்தி விசாரித்தார். "நியூட்ரல்ல வந்தீங்களா சார்? எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்லதான் இறங்கணும். தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க, டிஸ்க் கோணிக்கும். ஆறட்டும், உக்காருங்க." அவ்வளவுதான் சொன்னார். அறையில் பல மாதங்களாக நடந்த விவாதங்கள் எவற்றிலும் இந்த ஒரு வாக்கியம் வந்ததில்லை.

நடந்தது இதுதான். ஓடும் வண்டியின் வேகத்தைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. இடைவிடாமல் மிதித்தால் அந்த வெப்பம் ஆற நேரமில்லை. பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கின்றன; குழாயில் உள்ள திரவமும் கொதித்துவிடக்கூடும். டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கையில், குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்த திரவத்தில் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. மிதித்தால் குமிழ்தான் சுருங்கும், பிரேக் பிடிக்காது. முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும்.

எரிபொருள் மிச்சம் என்பதும் காலங்கடந்த கணக்கு. கார்புரேட்டர் இருந்த நாள்களில் நியூட்ரலில் உருட்டினால் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சியது உண்மை. இன்றைய வண்டிகளில், கியரில் இறங்கும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால், இன்ஜினுக்கு எரிபொருள் செல்வதே நின்றுவிடுகிறது. சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆக, நண்பர் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. வண்டி மாறிவிட்டது, அப்பாவிடம் கற்ற பழக்கம் மாறவில்லை.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றிய மயக்கம் இதனினும் பெரிது. சேற்றிலும் மணலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் அது கைகொடுக்கும், ஐயமில்லை. ஆனால் அது வண்டியை நகர்த்தும் ஏற்பாடு. நிறுத்துவதைப் பொறுத்தவரை எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. அதில் இவ்வண்டிக்குத் தனிச் சலுகை இல்லை. இறக்கத்தில் உண்மையாகவே உதவுவது அத்தகைய சில வண்டிகளில் உள்ள தாழ்விகிதக் கியர். பழைய ஜீப்புகளில் இருந்தது, ஜிப்சியில் இருந்தது, தாரின் நான்கு சக்கர வகையில் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களைக் கவனித்தவர்கள் அறிவார்கள்: பாறையும் பள்ளமுமான அப்பாதையில் அவர்கள் ஆளோடு நடப்பதுபோல் வண்டியை விடுகிறார்கள். காட்டுப்பாதைத் திறன் என்று விளம்பரங்கள் விற்பதில் பெரும்பகுதி அவர்களுடைய பொறுமை.

நம்பகம் என்ற சொல்லுக்கு வருவோம். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடரை நம் அறையின் மூத்தவர்கள் நம்பகத்தின் உருவமாகவே போற்றுகிறார்கள். இளையவர்கள் சிரிக்கிறார்கள், அது அடிக்கடி நின்றுவிடுமே என்று. இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு பொருளில் வழக்காடுகிறார்கள் என்பது நம் எண்ணம். இளையவருக்கு நம்பகம் என்றால் பழுதாகாமை. மூத்தவருக்கோ, பழுதானாலும் எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனரும் உப்புத்தாளும் கொண்டு மீட்டுவிடலாம் என்ற உறுதி. ஓட்டுநர்கள் 'நடுவழியில் கைவிடாது' என்பார்கள். அந்தப் பெருமையில் சரிபாதி வண்டியைச் சேராது, ஊர்தோறும் இருந்த மெக்கானிக்குகளைச் சேரும். இன்றைய கார் அரிதாகவே நிற்கிறது. நின்றால் மடிக்கணினியோடு ஒருவர் வரவேண்டும்.

தமிழ் கற்பிப்பவர் என்ற முறையில் ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். பேருந்து, ஓட்டுநர், நடத்துநர் என்று பெயர்ச்சொற்களை அழகாக ஆக்கினோம். அவை மக்கள் வாயில் நிலைத்தும்விட்டன. பொருள்களுக்குப் பெயர் தேடிய அளவுக்கு ஓட்டும் செயல்களுக்கு நாம் சொல் தேடவில்லை. அந்த வேலையை ஓட்டுநர்களே செய்துகொண்டார்கள்: ஒடித்துத் திருப்பு, கியரில் பிடி, ஆஃப் கிளட்சில் நிறுத்து. கலப்பு மொழிதான், குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நம் அகராதிக்காரர்கள் பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடைகளில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருக்கலாம்.

சென்ற வாரம் அறையில் இன்னொரு நண்பர் தாம் வாங்கவிருக்கும் காரின் சிறப்புகளை விவரித்தார். ஆறு காற்றுப்பைகள், திறக்கும் கூரை, ஆட்டோமேட்டிக் கியர். மலையிலிருந்து எப்படி இறங்குவீர்கள் என்று கேட்டோம். "அதான் ஆட்டோமேட்டிக் ஆச்சே சார்" என்றார். கியர்த்தண்டின் ஓரத்தில் 'எல்' என்றோர் எழுத்து இருந்ததா என்றோம். விற்பனைக்காரர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.