நாற்பத்தைந்து வயதில் ஓய்வு

சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் பிள்ளைகள் பலர், "45 வயதுக்குள் இவ்வளவு சேர்த்துவிட்டு வேலையை விடணும்" என்று கணக்குப் போடுகிறார்கள். இதைக் கேட்டு என் வயதுக்காரர்கள் சிரிக்கிறார்கள், சோம்பேறித்தனம் என்கிறார்கள். அப்படிச் சிரிக்க நமக்கு அருகதை இல்லை என்பது என் கருத்து.

நாம் சர்க்கார் வேலை பார்த்தவர்கள். மாதம் தவறாமல் பென்ஷன் வருகிறது. விலைவாசி ஏறினால் வருஷத்துக்கு இரண்டு முறை டி.ஏ.யும் ஏறுகிறது. ராணுவம் நீங்கலாக, 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கே அந்தப் பழைய பென்ஷன் இல்லை. தனியார் கம்பெனியில் புரோகிராம் எழுதும் பிள்ளைக்கு யார் தருவார்கள்? அரசாங்கம் நமக்குக் கொடுத்ததை அவன் தானே சம்பாதித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். அதில் தப்பில்லை.

ஆனால் அவன் கணக்கில் எனக்கு ஓர் ஆட்சேபணை உண்டு. வருஷச் செலவைப்போல் 25 மடங்கு போதும் என்கிறான். மாதம் 50,000 செலவென்றால் ஒன்றரைக் கோடி. இது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் எழுதியதிலிருந்து வந்த கணக்கு. அவர் பார்த்தது அமெரிக்கச் சந்தையையும் அந்த நாட்டு விலைவாசியையும். ஓய்வுக்காலமும் 30 வருஷம்தான். நம் பிள்ளை 85 வரை இருந்தால் 40 வருஷம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். 57 வயதில் மாதம் ஒரு லட்சம், 69-இல் இரண்டு, 81-இல் நான்கு. வட்டியோ இறங்குகிறது: 1999-இல் 12 சதவீதம் தந்த பி.பி.எஃப்., 2020 ஏப்ரலில் 7.1 ஆனது.

வட்டியில் உட்கார்ந்து சாப்பிடுபவரை பிரெஞ்சில் 'ரான்த்தியே' என்பார்கள். பள்ளியில் நாங்கள் படித்த பால்சாக்கின் நாவல்களில் இவர்கள் நிறைய வருவார்கள். 1914 வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிராங்கின் தங்க மதிப்பு அசையவில்லை. அவர்கள் வாழ்க்கையும் ஓடியது. முதல் உலகப் போருக்குப் பின் பிராங்க் சரிந்தது. 1928-இல் பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காக நிர்ணயித்தார்கள். அரசாங்கப் பத்திரத்தை மட்டும் நம்பியவர்கள் நொடித்துப்போனார்கள். விலைவாசியோடு தொழில் தெரிந்தவன் கூலி ஓரளவாவது ஏறும். பத்திரத்தின் வட்டி ஏறாது.

அதனால்தான் சேமிப்பு இலக்கோடு கற்கும் இலக்கும் வேண்டும் என்கிறேன். அடுத்த சம்பள உயர்வுக்காக மட்டும் கற்பது இரண்டு வருஷத்தில் பழசாகிவிடுகிறது. அடிப்படை அப்படியல்ல. 1970-இல் எட்கர் காட் வகுத்த தரவுத்தள முறைதான் இன்றும் வங்கிகளில் ஓடுகிறது என்று என் பேரன் சொல்கிறான். அதைப் படித்தவனுக்கு அது எத்தனை வருஷம் சோறு போட்டிருக்கும்!

ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புக்குப் பணக்கவலை இருக்க நியாயமில்லை. 2025 ஜனவரியில் அவர் தலைமைப் பதவியை விட்டது வீட்டில் உட்காருவதற்காக அல்ல, ஆராய்ச்சி செய்வதற்காக. கையில் பணம் இருந்தால் பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் உண்மையான பயன் அதுதான்.

ஆகவே பிள்ளைகளே, சம்பளம் வந்ததும் முதலில் சேமிப்பை எடுத்து வையுங்கள். அதேபோல் வாரத்தில் சில மணி நேரத்தைப் படிப்புக்கென்று எடுத்து வையுங்கள். 45-இல் வேலையை விட்டாலும், 60-இல் ஒருவேளை பணம் போதாமல் போனால், உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.