ஓட்டல் தீட்டு

பணம் பாதாளம் வரையில் பாயும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். பாதாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லையாதலால் அது நிஜமா பொய்யா என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தைக்கூடச் சில சமயங்களில் தாண்டுவதில்லை என்பதற்கு மாத்திரம் நம்மிடம் தக்க ருஜு இருக்கின்றது.

1943ம் வருஷம் ஜூலை மாதம் லண்டனில் நடந்த சங்கதி இது. லியரி கான்ஸ்டன்டைன் என்பவர் டிரினிடாட் தீவில் பிறந்த கறுப்பர். மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் கோஷ்டியில் ஆடி உலகப் பிரசித்தி பெற்றவர். லங்காஷயரில் நெல்சன் என்ற ஊருக்காக வருஷக்கணக்கில் ஆடி, அந்த ஊர் ஜனங்களின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் தொழில் இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்து, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளிகளின் நலத்தைக் கவனித்து வந்தவர். இவர் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தார். ரஸ்ஸல் ஸ்குயரில் இருந்த இம்பீரியல் ஓட்டல் என்ற பெரிய ஓட்டலில் 4 இரவுகளுக்கு முன்னதாகவே இடம் பிடித்து, முன்பணமும் கட்டியிருந்தார். தம் நிறத்தால் தொந்தரவு வருமா என்று முன்கூட்டியே கேட்டு, வராது என்று தெரிந்துகொண்டுதான் வந்தார்.

வந்து இறங்கியதும் ஓட்டல்காரர்கள் என்ன சொன்னார்கள்? ஒரு இரவு வேண்டுமானால் தங்கலாம், அதற்குமேல் இடமில்லை என்றார்கள். அறை காலியாக இல்லையா? இருந்தது. பணம் போதாதா? போதும். நடத்தை சரியில்லையா? அதைப்பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பின்னே எதனால் என்றால், ஓட்டலில் அமெரிக்க விருந்தினர்கள் இருக்கிறார்கள், கறுப்பர் ஒருவர் இருந்தால் அவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் வேறிடம் போய்விடுவார்கள் என்பதுதான் காரணமாம். அவருடைய இலாகா அதிகாரி ஒருவர் வந்து, இவர் பிரிட்டிஷ் பிரஜை, சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை. இழிவான வார்த்தைதான் பதிலாகக் கிடைத்தது. கடைசியில் அவர் குடும்பத்தோடு வேறொரு ஓட்டலுக்குப் போனார்.

பிறவியினால் ஒரு ஜாதி உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொன்ன ஹிட்லரோடு பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. போர்க்களத்தில் ஹிட்லரைத் தோற்கடிக்கப் புறப்பட்டவர்கள், ஓட்டலின் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள் என்றால் மிகையாகுமா?

கான்ஸ்டன்டைன் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1944ம் வருஷம் ஜட்ஜ் பர்க்கெட் தீர்ப்புச் சொன்னார். சத்திரம் நடத்துகிறவன், இடமிருந்து, வருகிறவர் யோக்கியமாகப் பணம் கொடுக்கவும் தயாராக இருந்தால், தக்க காரணமில்லாமல் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். அந்தப் பழைய சட்டத்தின்படியே ஓட்டல்காரர்கள் செய்தது தப்பு என்று ஏற்பட்டது. ஆனால் நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 5 கினி! ஒரு மனிதனின் மானத்துக்கு அன்றைய சட்டம் போட்ட விலை அதுதான். ஆனாலும் கான்ஸ்டன்டைன் வழக்காடியது பணத்துக்காக அல்ல. அவர் 1954ல் நிறத்தடையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பொது இடங்களில் நிறபேதம் பார்ப்பது சட்டவிரோதம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்ய 1965ம் வருஷம் வரையில் ஆயிற்று. 1969ல் அதே மனிதர் பிரபுக்கள் சபையில் முதல் கறுப்பராக உட்கார்ந்தார். ஓட்டலில் 4 இரவு படுக்க லாயக்கில்லை என்று சொல்லப்பட்டவர் பிரபுக்களோடு உட்கார லாயக்கானார் என்றால், மாறினது அவருடைய நிறமா? இல்லவே இல்லை.

நிற்க. இதில் நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் வேறொன்று இருக்கின்றது. ஓட்டல்காரன் தன் வாயால், "எனக்குக் கறுப்பர் பிடிக்காது" என்று சொல்லவில்லை. "என்னிடம் தங்கியிருப்பவர்களுக்குப் பிடிக்காது" என்றுதான் சொன்னான். சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி இடங் கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கே சட்டம் வரங் கொடுக்கின்றது, பணம் வரங் கொடுக்கின்றது. பக்கத்து அறைக்காரன் இடங் கொடுப்பதில்லை. ஓட்டல்காரன் வியாபாரி. லாபம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்கின்றவன். நாளைக்கே தங்கியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, "அந்த மனிதரை வெளியே அனுப்பினால் நாங்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? அடுத்த நிமிஷமே கறுப்பருக்கு மாலை போட்டு வரவேற்பான். ஆகவே ஓட்டலின் தீட்டை உற்பத்தி செய்கிறவர்கள் அங்கே தங்குகிற கனவான்களும் சீமாட்டிகளுமே ஒழிய, முதலாளி மாத்திரம் அல்ல.

அந்த அமெரிக்கர்களுடைய சொந்த தேசத்தின் யோக்கியதையையும் பாருங்கள். அங்கே கறுப்பர்கள் மோட்டாரில் ஊருக்குப் போக வேண்டுமானால், தங்களைச் சேர்த்துக்கொள்ளும் விடுதிகள் எவை என்று தெரிந்துகொள்வதற்கே "கிரீன் புக்" என்று ஒரு கைப்புத்தகம் 1936 முதல் முப்பது வருஷம் அச்சாகி வந்தது. 1964ல் சட்டம் வந்த பிறகும், அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு விடுதிக்காரர், கறுப்பரைச் சேர்க்காமலிருப்பது தம் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்காடித் தோற்றார்.

இதைப் படித்துவிட்டு, "அது வெள்ளைக்காரன் அக்கிரமம், நமக்கென்ன" என்று யாரும் திருப்தியடைய வேண்டியதில்லை. நம் நாட்டு ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், "இதரா"ளுக்கு வேறிடம் என்று இருந்தது 1941ல்தான் ஒழிந்தது. ஓட்டல்களில் ஜாதியின் பேரால் தடை கூடாது என்று 1950ல் அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு சொல்லிவிட்ட பிறகும், திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் பலகையிலிருந்து "பிராமணாள்" என்ற ஒரு சொல்லை எடுக்க 1957ல் மறியல் தொடங்கி, பல பேர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. 2014ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு, ஒரு புத்தக வெளியீட்டுக்கு அழைக்கப்பட்டுப் போன ஹைகோர்ட்டு ஜட்ஜை, வேட்டி கட்டியிருந்த ஒரே குற்றத்துக்காக உள்ளே விடவில்லை. அந்த வருஷமே சட்டசபை கூடி, வேட்டிக்காகத் தடுப்பது குற்றம் என்று சட்டம் செய்ய வேண்டி வந்தது. லண்டனிலாவது ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். இங்கே ஜட்ஜே வாசலில் நிற்க நேர்ந்தது!

சட்டங்கள் வந்துவிட்டன. சந்தோஷம். ஆனால் சட்டம் கதவைத் திறக்குமே தவிர, உள்ளே உட்கார்ந்திருப்பவனின் கண்ணைத் திருத்துமா?

இன்றைய நட்சத்திர ஓட்டல்களுக்குள் போய்ப் பாருங்கள். முழுப் பணமும் கட்டி வந்தவர்களுக்குள்ளேயே மேலும் பணம் கட்டியவர்களுக்கென்று தனி மாடி, தனிக் காப்பி அறை. மற்றவர்களுடைய சாவிச் சீட்டு அந்த மாடிக்கு வேலை செய்யாது. நான்கு வருணத்தை மனு ஓலையில் எழுதினான். இவர்கள் மின்சாரத்தில் எழுதியிருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் குழந்தையும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட, அந்தக் குழந்தையை இடுப்பில் சுமந்து வந்த ஆயா சுவரோரமாக நின்றுகொண்டிருப்பதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். அந்தக் கூடத்திலிருந்த ஐம்பது பேரில் ஒருவருக்காவது சோறு தொண்டையில் சிக்கவில்லை. அப்பன் வயதுள்ள வேலைக்காரரை "ஏய்" என்று கூப்பிடுகிறவர், அவர் சம்பளத்தையும் தம் பில்லோடு சேர்த்து விலைக்கு வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளுகிறார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லுகிறோம். நமக்குத் தெரிந்த ஒருவரின் கலியாண வரவேற்பு இப்படிப்பட்ட ஓட்டல் ஒன்றில் நடந்தது. கிராமத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, வேர்வை உலராத சட்டையோடும் ஒரு துணிப்பையோடும் முன்கூடத்து சோபாவில் உட்கார்ந்தார். எதிரே இருந்த ஒரு அம்மாள் எழுந்து தள்ளிப் போனார். இன்னொருவர் ஓட்டல் சிப்பந்தியைக் கூப்பிட்டு, "யார் இவர், இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறார்?" என்று விசாரித்தார். அப்படி விசாரித்தவர் யாரோ வைதிகர் அல்ல. மேடை ஏறினால் சமத்துவம் பேசுகிற நம் சிநேகிதர்! பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நாமும் அங்கேதான் இருந்தோம். உடனே எழுந்து அவர் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்க வேண்டும். சிநேகிதரின் முகத்துக்காகச் சற்றுத் தயங்கினோம். அந்தச் சற்று நேரத்துக்குள் அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். நாம் பேசாமல் இருந்ததும் அந்தத் தீட்டில் சேர்ந்ததுதான் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

"பணம் கொடுத்துத் தங்குகிறவன் தன் சௌகரியத்தைக் கேட்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். தாராளமாகக் கேட்கட்டும். சுத்தமான படுக்கை கேட்கட்டும், வெந்நீர் கேட்கட்டும். பக்கத்து அறைக்காரன் நடுராத்திரியில் கூச்சல் போட்டால் கூச்சலை நிறுத்தச் சொல்லட்டும். ஆனால் அவன் பிறந்ததை நிறுத்தச் சொல்ல முடியுமா? அவன் நிறத்தை, வேட்டியை, பேச்சை, கையிலுள்ள துணிப்பையைக் கண்டு தனக்கு அசௌகரியம் என்றால், வியாதி அவனிடத்திலா, பார்க்கிறவன் கண்ணிலா?

"சமத்துவம் வேண்டுமென்கிறவனுக்குப் பெரிய ஓட்டலில் என்ன வேலை?" என்று வேறு சிலர் கேட்கலாம். கோவில் நுழைவு கேட்டபோதும், "சாமி இல்லை என்கிறவனுக்குக் கோவில் எதற்கு?" என்று கேட்டவர்கள்தானே இவர்கள்! நமக்கு வேண்டியது அங்கேயுள்ள மெத்தையல்ல. மனிதன் போகக்கூடாத பொது இடம் ஒன்று இருக்கின்றது என்ற எண்ணம் ஒழிய வேண்டும் என்பதுதான்.

உண்மை என்னவென்றால், இந்த ஓட்டல்களில் அதிக விலைக்கு விற்கப்படுவது அறையும் அல்ல, ஆகாரமும் அல்ல. "மற்றவன் உள்ளே வர முடியாத இடத்தில் நான் இருக்கிறேன்" என்ற மயக்கந்தான் விற்கப்படுகின்றது. வெளியே ஒருவன் நிற்காவிட்டால் உள்ளே இருப்பவனுக்குப் பெருமை இல்லை. இன்னொருவனைத் தாழ்த்தி அடைகிற பெருமைக்கு மரியாதை என்று பெயரா? அது பிச்சை எடுத்த பெருமை.

ஆதலால் தோழர்களே! காசு கிடைத்து நீங்களும் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போக நேரலாம். போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மேஜை துடைக்கிறவரை வாங்க, போங்க என்று பேசுங்கள். உங்களோடு வந்த ஆயாவுக்கும் டிரைவருக்கும் உங்கள் மேஜையிலேயே நாற்காலி போடச் சொல்லுங்கள். யாரையாவது எழுப்பி அனுப்புவதைக் கண்டால், நம்மைப் போல் தயங்கி நிற்காமல், "இவர் போவதானால் நாங்களும் போகிறோம்" என்று எழுந்து நில்லுங்கள். அன்று லண்டனில் அந்த விருந்தினர்களில் பத்துப் பேர் இப்படி எழுந்து நின்றிருந்தால் கோர்ட்டும் வேண்டியிருந்திராது, 5 கினியும் வேண்டியிருந்திராது.