இடது ஓரம் யாருக்கு?

பக்கவாத நோயாளி ஒருவரை அழைத்து வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” என்பது. மூளைக் குழாயை அடைத்த இரத்த உறைவைக் கரைக்கும் ஊசி மருந்தை, பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நன்மை. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவ உலகில் அறியப்பட்ட கணக்கு. வாயிலுக்கு உள்ளே ஆகும் தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பு. வெளியே ஆகும் தாமதத்தில் எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதால்தான் சாலையைப் பற்றி மருத்துவர்கள் எழுத நேர்கிறது.

இடப்பக்கமாகச் செல்ல வேண்டும், வலப்பக்கமாக முந்த வேண்டும் என்பது ஓட்டுநர் உரிமம் பெற்ற அனைவரும் அறிந்த விதி. ஆயினும் நம்மூர்ச் சாலைகளில் இடது ஓரத்தைப் பாருங்கள். நிறுத்தப்பட்ட கார்கள், சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்கள், இளநீர் வண்டி, போதாக்குறைக்கு எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம். ஓரம் பறிபோனபின் மெதுவாகச் செல்பவரும் நடுவில்தான் செல்கிறார், விரைபவரும் நடுவில்தான் செல்கிறார். பின்னால் சைரன் ஒலித்தால், வழிவிட மனமுள்ளவருக்கும் ஒதுங்க இடமில்லை. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. அது வேண்டியதே. ஆனால் எங்கள் கருத்தில், பிழை அதற்கு வெகு முன்னரே, ஓரத்தில் வண்டியை விட்டுச் சென்றவரிடம் தொடங்கிவிடுகிறது.

சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது: மருத்துவமனைச் சாலையில் அவ்வாறு நிற்கும் வண்டிகளில் பல, இங்கு வருவோருடையவை. ஒரு மாலை வேளையில் ஆம்புலன்ஸ் ஒன்று வாயிலுக்குச் சற்றுத் தொலைவில் சிக்கிக்கொண்டது. வழியை மறித்த காரின் உரிமையாளரைத் தேடியபோது அவர் இரண்டாம் மாடியில் தம் தாயாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பதறி ஓடிவந்தார். அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. நிறுத்துமிடம் போதவில்லை என்ற குறை எங்கள் பக்கமும் உண்டு. நேரமாகிவிட்ட காலைகளில் எங்களுள் சிலரும் அதே ஓரத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். இருந்தும் கேட்கிறோம்: நோயாளியை வாயிலில் இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

சைரன் கேட்டால் நடுச்சாலையில் சட்டென்று பிரேக் போடாதீர்கள். இடப்பக்க இண்டிகேட்டரை இட்டு, வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். ஆம்புலன்ஸ் வலப்பக்கமாகக் கடக்கட்டும். ஒதுங்க இடமில்லையெனில், இடைவெளி கிடைக்கும்வரை சீராக முன்னே செல்லுங்கள். அது கடந்ததும் அதன் பின்னாலேயே விரைவோரைத் தினமும் காண்கிறோம். ஆம்புலன்ஸ் திடீரென நின்றால் அவர்கள் கதி என்ன?

இது நோயாளியின் உறவினருக்கும் பொருந்தும். விளக்குகளை மின்னவிட்டபடி, சிவப்பு சிக்னலையும் தாண்டிச் சொந்தக் காரில் பின்தொடர்கிறீர்கள். உங்கள் கலக்கம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஆம்புலன்சுக்கு வழிவிட்டவர் மீண்டும் நடுச்சாலைக்குத் திரும்பும்போது உங்களை எதிர்பார்த்திருக்க மாட்டார். நோய் தொடங்கிய நேரமும் உட்கொள்ளும் மருந்துகளும் அறிந்த ஒருவர் நோயாளியுடன் ஏறிக்கொண்டால் போதும். மற்றவர்கள் சிக்னலில் நின்றே வரலாம். பத்து நிமிடம் பிந்தி வந்தாலும், அதற்குள் சிகிச்சையைத் தொடங்கியிருப்போம்.